மழைக் கணக்கும் உழைப்பாளி மக்களும்

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட வகுப்பில் நிகழ்த்திய பேச்சு)

தோழர்களே,

இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் மழை. மழையைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு வகுப்பு எதற்கு, வானத்தைப் பார்த்தால் போதாதா என்று சிலர் நினைக்கலாம். மழை பெய்வது வானத்தின் காரியம்தான். ஆனால், "இந்தப் பகுதியில் மழை பெய்தது", "இந்தப் பகுதியில் மழை பொய்த்தது" என்று எழுதுவது காரியாலயத்தின் வேலை. அந்த எழுத்தைப் பொறுத்துத்தான் வறட்சி நிவாரணம் வருகிறது. அந்த எழுத்தைப் பொறுத்துத்தான் நிலவரி தள்ளுபடியாகிறது, கடன் வசூல் நிற்கிறது, கூடுதல் வேலை நாள் கிடைக்கிறது. ஆகவே அது எப்படி எழுதப்படுகிறது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த எழுத்தின் வேர், ஊர்களை எப்படிச் சேர்க்கிறோம் என்பதில் இருக்கிறது. எந்த ஊரை எந்த ஊரோடு சேர்த்துச் சராசரி போடுகிறோம் என்பதுதான் கேள்வி. இதற்கு விஞ்ஞான முறை ஒன்று இருக்கிறது. அந்த முறையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். பயப்பட வேண்டாம். கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

97 என்ற எண்

முதலில் நடந்த கதையைப் பார்ப்போம். 2016ம் ஆண்டு ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவ காலத்தில், இந்தியா முழுவதற்கும் பெய்த மழை நீண்டகாலச் சராசரியில் நூற்றுக்கு 97 பங்கு. சர்க்கார் கணக்கின்படி இது சாதாரண மழை, குறை சொல்ல முடியாத ஆண்டு.

அதே ஆண்டு காவிரிப் படுகையில் என்ன நடந்தது? காவிரிக்குத் தண்ணீர் தருவது குடகு மலை. கபினிக்குத் தண்ணீர் தருவது வயநாடு. இரண்டு இடத்திலும் அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை குறைந்தது. வழக்கமாக ஜூன் 12ந் தேதி திறக்க வேண்டிய மேட்டூர் அணை செப்டம்பர் 20ந் தேதிதான் திறக்கப்பட்டது. ஆற்றுத் தண்ணீரை நம்பிய குறுவை போயிற்று. சரி, சம்பாவையாவது வடகிழக்குப் பருவமழை காப்பாற்றும் என்று விதைத்தார்கள். தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சராசரியாக 44 செண்டிமீட்டர் மழை பெய்ய வேண்டும். அந்த ஆண்டு பெய்தது சுமார் 17 செண்டிமீட்டர். நூற்றுக்கு 62 பங்கு குறைவு.

பயிர் கருகியது. கருகிய பயிரைக் கண்டு உயிர் விட்ட விவசாயிகளின் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2017 ஜனவரி 10ந் தேதி தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்களும் வறட்சி பாதித்தவை என்று மாநில சர்க்கார் அறிவித்தது.

ஒரு பக்கம் 97. மறுபக்கம் கருகிய சம்பா. இதில் எது பொய்? இரண்டும் பொய்யல்ல என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம். அந்த 97 என்பது சரியாகப் போட்ட கணக்குதான். ஆனால் அது ராஜஸ்தானையும் அஸ்ஸாமையும் தஞ்சாவூரையும் ஒரே மூட்டையில் கட்டிப் போட்ட கணக்கு. அது மட்டுமல்ல. அது ஜூன் முதல் செப்டம்பர் வரைக்குமான கணக்கு. இந்தியாவுக்கு மொத்தத்தில் ஆண்டு மழையில் முக்கால் பங்கு அந்த நான்கு மாதத்தில் பெய்கிறது. தமிழ்நாட்டிலோ ஆண்டு மழை சுமார் 92 செண்டிமீட்டரில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபருக்குப் பிறகுதான் வருகிறது. நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களுக்குப் பாதிக்கும் மேல். இப்படி வேறு மாதத்தில் மழை பெறும் ஊரை, வேறு மாதத்துக் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் அந்த ஊரின் கஷ்டம் எங்கே தெரியும்?

சராசரி எங்கே ஏமாற்றுகிறது?

நாடு முழுவதற்கும் போடும் கணக்கை விடுங்கள். ஒரே ஜில்லாவுக்குள் பார்ப்போம். கோயமுத்தூர் ஜில்லாவில் வால்பாறை இருக்கிறது, சின்னக்கல்லார் இருக்கிறது. தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் சேர்ந்தவை இவை. அதே ஜில்லாவில் சூலூர்ப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். மலை தென்மேற்குக் காற்றை மறித்துக்கொள்வதால் அங்கே தூறலோடு நின்றுவிடும்.

கணக்கு விளங்குவதற்காக முழு எண்களாக வைத்துக்கொள்வோம். மலையில் வழக்கமாக 400 செண்டிமீட்டர், சமவெளியில் வழக்கமாக 60 செண்டிமீட்டர். இரண்டின் சராசரி 230. ஒரு வருஷம் மலையில் பத்தில் ஒரு பங்கு அதிகமாகப் பெய்து 440 ஆகிறது. சமவெளியில் பாதியாகக் குறைந்து 30 ஆகிறது. இப்போது சராசரி என்ன? 235. அதாவது வழக்கத்தைவிட அதிகம்! சமவெளியில் சோளத்தட்டைகூட முளைக்கவில்லை. காரியாலயத்துக் காகிதத்திலோ உபரி மழை.

வானிலை இலாகாவின் விதிப்படி, ஒரு பகுதியின் மழை அதன் சராசரியிலிருந்து நூற்றுக்கு 19 பங்கு வரை கூடினாலும் குறைந்தாலும் அது "சாதாரணம்". 20 முதல் 59 பங்கு வரை குறைந்தால் "பற்றாக்குறை". 60க்கு மேல் குறைந்தால் "பெரும் பற்றாக்குறை". இந்த விதியில் பெரிய தவறு இல்லை. ஆனால் எந்தப் பகுதி என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. நாட்டை 36 உட்பிரிவுகளாக வானிலை இலாகா பிரித்திருக்கிறது. தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் மூன்றும் சேர்ந்து ஒரே உட்பிரிவு. அதில் தென்மேற்கு மழையையே பெரிதும் நம்பும் தர்மபுரியும் அடக்கம், வடகிழக்கு மழையை நம்பும் நாகப்பட்டினமும் அடக்கம், இரண்டு பருவத்திலும் நனையும் கன்னியாகுமரியும் அடக்கம். ஜில்லாக் கணக்கும் தனியே வருகிறது என்பது உண்மை. ஆனால் கோயமுத்தூர் உதாரணத்தில் பார்த்தோமே, ஜில்லா எல்லையும் ரெவின்யூ வசூலுக்காகப் போட்ட எல்லைதானே தவிர, மழையைப் பார்த்துப் போட்ட எல்லை அல்ல.

ஊருக்கும் ஊருக்கும் எவ்வளவு தூரம்?

அப்படியானால் மழையைப் பார்த்து எல்லை போடுவது எப்படி? இதற்கான முறையைப் புள்ளிவிவர சாஸ்திரத்தில் கொத்துப் பிரித்தல் என்று சொல்லலாம். ஆங்கிலப் பெயர் கிளஸ்டரிங். ஒன்றுக்கொன்று ஒத்திருப்பவற்றை ஒரு கொத்தில் சேர்ப்பது, ஒவ்வாதவற்றை வேறு கொத்தில் வைப்பது, இவ்வளவுதான் அதன் சாரம்.

ஒத்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அதற்கு ஒரு அளவு வேண்டும். ஊருக்கும் ஊருக்கும் உள்ள மைல் தூரத்தை அளப்பதுபோல, மழைக்கும் மழைக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். மூன்று ஊர்களை எடுத்துக்கொள்வோம். இவையும் நாமே வைத்துக்கொண்ட எண்கள்தான். முதல் ஊரில் தென்மேற்குப் பருவத்தில் 25 செண்டிமீட்டர், வடகிழக்குப் பருவத்தில் 75. இரண்டாவது ஊரில் 70ம் 30ம். மூன்றாவது ஊரில் 20ம் 60ம்.

மொத்தத்தை மட்டும் பார்த்தால் முதல் ஊருக்கும் 100, இரண்டாவது ஊருக்கும் 100. இரண்டும் ஒன்று என்று சொல்லிவிடுவோம். மூன்றாவது ஊர் 80, அது தனி என்போம். ஆனால் பருவவாரியாகக் கழித்துப் பாருங்கள். முதல் ஊருக்கும் இரண்டாவதுக்கும் தென்மேற்கில் வித்தியாசம் 45, வடகிழக்கில் 45, கூட்டினால் 90. முதல் ஊருக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் 5ம் 15ம், கூட்டினால் 20தான். ஆகவே முதல் ஊரும் மூன்றாவது ஊரும்தான் சொந்தக்காரர்கள். இரண்டாவது ஊர் வேறு கூட்டம். ஆடியில் விதைக்கிற ஊரையும் ஐப்பசியில் நடுகிற ஊரையும் மொத்தக் கணக்கு ஒன்றாக்கிவிட்டது. பருவக் கணக்கு அவற்றைப் பிரித்துக் காட்டிவிட்டது.

விஞ்ஞானிகள் இரண்டு பருவத்துக்குப் பதிலாகப் பன்னிரண்டு மாதத்துக்கும் இப்படி வித்தியாசம் எடுப்பார்கள். கழித்து வந்ததை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பது அவர்கள் வழக்கம். ஒரு வருஷத்தை வைத்துச் செய்வதில்லை. முப்பது, நாற்பது வருஷத்துப் பதிவுகளை வைத்துச் செய்வார்கள். வேலை பெரிது, ஆனால் தத்துவம் நாம் போட்ட கணக்குதான்.

சங்கக் கிளை வைப்பதுபோல

தூரத்தை அளந்தாயிற்று. நூற்றுக்கணக்கான ஊர்களைக் கொத்தாக்குவது எப்படி? நம் சங்க வேலையிலிருந்தே உதாரணம் சொல்கிறேன்.

ஒரு தாலுகாவில் சங்கத்துக்கு மூன்று கிளை அலுவலகம் வைக்க வேண்டும். அங்கத்தினர்கள் பல ஊரில் சிதறிக் கிடக்கிறார்கள். முதலில் எங்கேயோ மூன்று இடத்தில் அலுவலகத்தை வைத்துவிடுவோம். ஒவ்வொரு அங்கத்தினரும் தனக்கு அருகிலுள்ள அலுவலகத்துக்குப் போகட்டும். இப்போது மூன்று கூட்டம் சேர்ந்துவிட்டது. அடுத்து, ஒவ்வொரு அலுவலகத்தையும் அதற்கு வருகிறவர்களின் ஊர்களுக்கு நட்ட நடுவே மாற்றுவோம். அலுவலகம் நகர்ந்ததும் சிலருக்கு வேறு அலுவலகம் அருகில் வந்துவிடும். அவர்கள் அங்கே மாறிக்கொள்ளட்டும். மறுபடியும் அலுவலகத்தை நடுவே நகர்த்துவோம். இப்படிச் செய்துகொண்டே போனால் ஒரு கட்டத்தில் யாரும் இடம் மாற வேண்டியதில்லை என்று ஆகிவிடும். அங்கே நிறுத்திவிடலாம்.

அங்கத்தினருக்குப் பதில் மழை பதிவாகும் நிலையங்களையும், மைல் தூரத்துக்குப் பதில் மழைத் தூரத்தையும் வையுங்கள். கே-மீன்ஸ் என்று உலகமெங்கும் பெயர் பெற்ற முறை இதுதான். இதன் கருத்தைப் போலந்து நாட்டுக் கணித அறிஞர் ஹ்யூகோ ஸ்டைன்ஹாஸ் 1956ல் வெளியிட்டார். நாஜிகள் ஆட்சியில் பெயரை மாற்றிக்கொண்டு தலைமறைவாக வாழ்ந்து உயிர் தப்பிய மனிதர் அவர். 1967ல் மக்வீன் என்பவர் அதற்கு இந்தப் பெயரைச் சூட்டினார்.

இன்னொரு முறையும் இருக்கிறது. எல்லா நிலையங்களிலும் மிக நெருங்கிய இரண்டை முதலில் சேர்த்துவிடுவது, பிறகு அடுத்த நெருக்கம், பிறகு அதற்கடுத்தது. இப்படிக் கீழிருந்து மேலே கட்டிக்கொண்டு போவது. கிளைகள் சேர்ந்து தாலுகாக் கமிட்டி, தாலுகாக்கள் சேர்ந்து ஜில்லாக் கமிட்டி என்று நம் ஸ்தாபனம் எழும்புவதைப் போல. எந்த மட்டத்தில் வெட்டினால் எத்தனை கொத்து கிடைக்கும் என்பதை அதில் தெளிவாகப் பார்க்கலாம்.

ஒன்றாக நிற்கும் இயந்திரங்கள்

ஆலைத் தோழர்களுக்கு இது சுலபமாக விளங்கும். பழைய ஆலைகளில் ஒரே ஷாப்டிலிருந்து பெல்ட் போட்டுப் பல இயந்திரங்களை ஓட்டினார்கள். ஷாப்ட் நின்றால் அந்த வரிசை முழுவதும் நிற்கும். பக்கத்து வரிசை வேறு ஷாப்டில் இருந்தால் அது ஓடிக்கொண்டிருக்கும். இயந்திரங்கள் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கலாம். ஆனால் எது எதோடு நிற்கும் என்பது ஷாப்டைப் பொறுத்தது.

மழையிலும் அப்படித்தான். இரண்டு ஊருக்கும் ஐப்பசி கார்த்திகையில்தான் மழை என்பதால், இரண்டும் ஒரே வருஷத்தில் பொய்க்கும் என்று சொல்ல முடியாது. வங்கக் கடலில் உண்டாகும் தாழ்வுநிலை வடக்கே கரையேறினால் அங்கே வெள்ளம், தெற்கே காய்ச்சல். ஆகவே கேள்வி இரண்டு. எந்த ஊர்களுக்கு ஒரே மாதத்தில் மழை வருகிறது என்பது ஒரு கேள்வி. எந்த ஊர்களில் மழை வருஷத்துக்கு வருஷம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகிறது என்பது இன்னொரு கேள்வி. என்ன பயிர் வைக்கலாம், எப்போது விதைக்கலாம் என்பதற்கு முதல் கேள்வி உதவும். வறட்சியை எந்தப் பகுதிக்கு அறிவிக்க வேண்டும் என்பதற்கு இரண்டாவது கேள்வி உதவும்.

இந்த இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொண்டுதான் சுலோசனா காட்கில், யாதுமணி, ஜோஷி ஆகிய மூன்று விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் மழை மண்டலங்கள் இந்தியாவில் எவை என்று 1993ல் கட்டுரை வெளியிட்டார்கள். காட்கில் அம்மையார் அதோடு நிற்கவில்லை. அனந்தபூர், பாவகடா வட்டாரத்தில் மானாவாரி நிலக்கடலை விவசாயிகளோடு சேர்ந்து, எந்த வாரத்தில் விதைத்தால் நஷ்டம் குறையும் என்று மழைப் பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்தார். ஏட்டுக் கணக்கு வயலுக்கு வரும் என்பதற்கு இது சாட்சி.

இப்படிக் கொத்தாக்கும்போது இன்னொன்றும் தெரியவரும். மழைக்கு மாநில எல்லை கிடையாது. தென்மேற்குக் காற்றை நேராக எதிர்கொள்ளும் மலைச் சரிவு என்ற முறையில் குடகும் வயநாடும் நம் கூடலூர்ப் பக்கமும் ஒரே இனம். மூன்றும் மூன்று மாநிலத்தில் இருக்கின்றன. காரைக்காலும் நாகப்பட்டினமும் வேறு வேறு ஆட்சி, ஆனால் ஒரே மழை.

அளவுகோலைத் தேர்ந்தெடுப்பவர் யார்?

தோழர்களே, இந்த முறையை மந்திரக்கோல் என்று எண்ணிவிடக் கூடாது. கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது, ஆகவே சரி என்று நம்மிடம் வந்து சொல்வார்கள். கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது, உண்மைதான். ஆனால் எதைக் கணக்குப் போட வேண்டும் என்று அதற்குச் சொல்வது மனிதன்தான். மூன்று இடங்களில் மனிதனின் கை இருக்கிறது.

முதலாவது, அளவுகோல். நாம் பார்த்த மூன்று ஊர்களை நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தை வைத்தால் ஒரு ஜோடி, பருவத்தை வைத்தால் வேறு ஜோடி. இன்னொன்றும் உண்டு. செண்டிமீட்டரை அப்படியே வைத்தால் 400 செண்டிமீட்டர் பெய்யும் வால்பாறை மற்ற எல்லா வித்தியாசத்தையும் மூழ்கடித்துவிடும். சமவெளியில் 10 செண்டிமீட்டர் குறைவது உயிர் போகும் விஷயம். மலையில் அது ஒரு நாள் மழை. ஆகவே ஒவ்வொரு ஊரின் மழையையும் அதனதன் சராசரிக்கு எவ்வளவு பங்கு என்று மாற்றிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, எத்தனை கொத்து என்பது. மூன்றா, ஏழா, பதினைந்தா? ஒவ்வொரு ஊரும் தன் கூட்டத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, பக்கத்துக் கூட்டத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்து எந்த எண்ணிக்கை பொருந்துகிறது என்று சோதிக்கலாம். அதோடு, முதலில் அலுவலகத்தை எங்கே வைத்தோம் என்பதைப் பொறுத்து முடிவும் மாறலாம். ஆகவே பல தடவை, பல இடத்தில் தொடங்கிப் பார்க்க வேண்டும். ஒரே தடவை செய்துவிட்டு இதுதான் முடிவு என்பவரை நம்பக் கூடாது.

மூன்றாவது, பதிவு. மழைமானி இல்லாத ஊர் இந்தக் கணக்கில் ஊரே அல்ல. பக்கத்து ஊரின் மழைதான் அதற்கும் மழை என்று எழுதப்படும். கோடை மழையும் இடி மழையும் ஒரு கரையில் கொட்டி மறு கரையை விட்டுவிடும் என்பது வயலில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும்.

நல்ல கணக்கு மக்களுக்கு எவ்வளவு உதவும் என்பதற்குச் சரித்திரத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். 1926ல் ஒரிசாவில் பிராமணி ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. ஆற்றுப் படுகை மேடாகிவிட்டது, கரையை உயர்த்துவதே வழி என்று அன்றைய இஞ்சினியர்கள் முடிவு கட்டினார்கள். பல பத்தாண்டுகளின் மழை, வெள்ளப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார் பிரசாந்த சந்திர மகலநோபிஸ். படுகை மேடாகவில்லை, மேலே அணை கட்டித் தண்ணீரைத் தேக்குவதே வழி என்று காட்டினார். இந்த மகலநோபிஸ்தான் 1931ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளிவிவரக் கழகத்தை ஸ்தாபித்தவர். பல அளவுகளை ஒன்றாகச் சேர்த்து இரண்டு கூட்டத்துக்கு இடையே உள்ள தூரத்தை அளக்கும் முறையை 1936ல் அவர் வெளியிட்டார். உலகமே இன்று அதை மகலநோபிஸ் தூரம் என்று அவர் பெயராலேயே அழைக்கிறது. இந்த சாஸ்திரம் எங்கோ வெளிநாட்டில் பிறந்து நமக்கு வந்தது அல்ல, அதன் அஸ்திவாரத்தில் நம் நாட்டின் கல்லும் இருக்கிறது.

ஆலைக்கும் வயலுக்கும் ஒரே மழை

மழை விவசாயிகளின் பிரச்னை, எங்களுக்கென்ன என்று ஆலைத் தோழர் யாராவது நினைத்தால் அது தப்பு. கோவை ஆலைகள் பெருகியது 1932ல் பைகாரா மின்சாரம் வந்த பிறகு. மலையில் பெய்த மழைதான் ஆலையில் கதிரைச் சுழற்றியது. தண்ணீர் மின்சாரத்தையே பெரிதும் நம்பியிருந்த காலத்தில், நீலகிரியில் மழை குறைந்தால் சமவெளியில் மின்வெட்டு, அதன் பின்னாலேயே லே-ஆப். இன்றும் கோவை ஆலைகளுக்கு வரும் பஞ்சில் பெரும்பகுதி குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் விளைகிறது. விதர்பாவில் மழை பொய்த்தால் பஞ்சு விலை ஏறுகிறது. விலை ஏறினால் முதலாளி தன் லாபத்தைக் குறைத்துக்கொள்வதில்லை, ஷிப்டைக் குறைக்கிறான்.

தஞ்சை விவசாயத் தொழிலாளி குடகு மழையை நம்பி இருக்கிறான். கோவை ஆலைத் தொழிலாளி விதர்பா மழையை நம்பி இருக்கிறான். யாருடைய வேலை எந்த மழைக் கொத்தோடு கட்டுண்டு கிடக்கிறது என்று தெரிந்தால், கஷ்டம் எங்கிருந்து வரப் போகிறது என்று மூன்று மாதம் முன்னதாகவே நாம் சொல்ல முடியும். சங்கமும் தயாராக இருக்க முடியும்.

ஒரே மழையில் இரண்டு வாழ்க்கை

இந்தக் கணக்கு எவ்வளவு நேர்மையாகப் போடப்பட்டாலும் அதற்குத் தெரியாத ஒன்று உண்டு. ஒரே மழைக் கொத்தில், ஒரே கிராமத்தில், ஒரே தெருக்கோடியில் இரண்டு விதமான வறட்சி இருக்கிறது. ஆழ்குழாய்க் கிணறு போட்டவனுக்கு ஒன்று, கூலியை நம்பியவனுக்கு ஒன்று.

2017ல் அறிவித்த நிவாரணத்தில் நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் என்றார்கள். ஏக்கர் வைத்திருப்பவனுக்கு அது. ஏக்கர் இல்லாதவன் எதைக் காட்டி வாங்குவான்? நாற்று நடவில்லை, களை எடுக்கவில்லை, அறுவடை இல்லை. கருகிய ஒவ்வொரு ஏக்கரிலும் கூலி நாட்கள் கருகிக் கிடந்தன. அந்த நாட்களுக்கு அடங்கல் கிடையாது, பட்டா கிடையாது. அன்று கிராமப்புற வேலைத் திட்டத்தில் 100 நாளை 150 நாளாக்குவோம் என்று அறிவித்தார்கள். அந்தக் கூடுதல் நாட்களும் வறட்சி அறிவிப்பு வந்தால்தான் வரும் என்பது அன்றைய விதி. அறிவிப்பு தாமதித்தால் அதுவும் தாமதம்.

பயிர் இன்ஷூரன்ஸிலும் இதே கொத்துப் பிரச்னைதான். 2016ல் தொடங்கிய பிரதமர் பயிர் இன்ஷூரன்ஸ் திட்டத்தில் பொதுவாகத் தனித்தனி வயலைப் பார்த்து நஷ்டம் கணக்கிடுவதில்லை. கிராமமோ பிர்க்காவோ ஒரு அலகு. அந்த அலகில் சில இடத்தில் அறுத்துப் பார்த்துச் சராசரி மகசூல் போடுகிறார்கள். ஆற்றுப் பாசன நிலமும் வானம் பார்த்த நிலமும் ஒரே அலகில் விழுந்தால் ஏழையின் நஷ்டம் சராசரியில் கரைந்துபோகும். குத்தகைக்காரன் கையில் காகிதம் இல்லாவிட்டால் அவன் பெயரே வராது.

ஆகவே, மழைக் கணக்கைச் சரியாகப் போடு என்று நாம் கேட்கிறபோதே, நிவாரணம் நிலத்துக்கு மட்டுமல்ல, உழைப்புக்கும் உண்டு என்றும் கேட்க வேண்டும். முதல் கோரிக்கையை விஞ்ஞானம் நமக்கு எடுத்துக்கொடுக்கும். இரண்டாவது கோரிக்கையைப் போராட்டம்தான் வென்று கொடுக்கும்.

நாம் செய்ய வேண்டியது

சர்க்காரிடம் நாம் கேட்பது என்ன?

ஒன்று: ஒவ்வொரு பஞ்சாயத்திலும் மழைமானி வேண்டும். பஞ்சாயத்து மட்டத்தில் தானியங்கி மழைமானி வைக்கும் திட்டத்தை மத்திய சர்க்கார் 2023ல் அறிவித்தது. அறிவித்தது கிராமத்துக்கு வந்து சேர வேண்டும். அதில் பதிவாகும் மழையைப் பஞ்சாயத்துப் பலகையில் தினமும் எழுதிப்போட வேண்டும்.

இரண்டு: தமிழ்நாட்டை வடகிழக்கு, வடமேற்கு, மேற்கு, காவிரி டெல்டா, தெற்கு, அதிக மழை, மலை என்று 7 விவசாயப் பருவநிலை மண்டலங்களாக ஏற்கெனவே பிரித்திருக்கிறார்கள். விதைக்கும் பயிருக்கு மண்டலம் பார்க்கிறவர்கள் வறட்சிக்கும் மழை மண்டலம் பார்க்க வேண்டும். ஒரு ஜில்லாவுக்குள்ளேயே மழைமறைவுத் தாலுகாக்களைத் தனியே பிரித்துக் கணக்கிட வேண்டும்.

மூன்று: எந்த அளவுகோலை வைத்து, எத்தனை ஆண்டுப் பதிவை வைத்துப் பகுதி பிரித்தார்கள் என்பதைத் தமிழில் வெளியிட வேண்டும். புவி வெப்பம் ஏறி வரும் காலம் இது. பழைய பதிவில் போட்ட கொத்து அப்படியே நிலைக்கும் என்று நினைக்க முடியாது. அவ்வப்போது திருப்பிப் போட வேண்டும்.

நான்கு: வறட்சி என்று எழுதிய அன்றே நிலமற்ற தொழிலாளிக்கு வேலையும் கூலியும் ரேஷனும் கிடைக்க வேண்டும். பஞ்சு, மின்சாரத் தட்டுப்பாட்டால் ஆலையில் வேலை நின்றால் தொழிலாளிக்கு லே-ஆப் நஷ்டஈடு கிடைக்க வேண்டும்.

நாமே செய்யக்கூடியதும் இருக்கிறது. அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள தகர டப்பா ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மரமும் கூரையும் மறைக்காத திறந்த இடத்தில், சாயாமல் நிறுத்துங்கள். தினமும் காலை எட்டரை மணிக்கு, வானிலை நிலையங்கள் அளக்கும் அதே நேரத்தில், உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரத்தை ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள். உயரம் எத்தனை மில்லிமீட்டரோ அத்தனை மில்லிமீட்டர் மழை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கரில் ஒரு செண்டிமீட்டர் என்றால் சுமார் 40,000 லிட்டர். எந்த நாளில் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்கிறதோ அதுதான் இலாகாக் கணக்கில் மழை நாள்.

ஒரு தாலுகாவில் இருபது கிளைகள் இந்த நோட்டை ஒரு வருஷம் எழுதினால் போதும். எந்த ஊர் எந்த ஊரோடு சேரும் என்பதை நாமே வகுப்பில் உட்கார்ந்து கழித்துப் பார்த்துவிடலாம். தகர டப்பா எழுதிய எண்ணை இலாகா அப்படியே ஒப்புக்கொண்டுவிடாது. ஆனால் தாசில்தார் முன்னால் போய் நிற்கிறபோது, "எங்கள் ஊரில் மழை இல்லை" என்று வெறும் வாயால் சொல்வதற்கும், நாள்வாரியாக எழுதிய நோட்டை மேஜை மேல் வைத்து, "உங்கள் கணக்கில் எங்கள் ஊரை எந்த ஊரோடு சேர்த்தீர்கள், ஏன் சேர்த்தீர்கள்?" என்று கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டோடு வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடிக்கிறேன்.